ஒன்பது கிலோ 'குழந்தை'யும் ஒரு பிடிவாதக்காரரும்: பேக்கர் அருவிக்குப் பெயர் தந்தவரின் கதை

உங்க ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்ல யாராவது இலங்கை டூர் போயிட்டு வந்திருந்தா, அவங்க இன்ஸ்டாகிராம் பக்கத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. நுவரெலியாவின் பனிமூட்டத்தில் ஒரு போட்டோ இருக்கும். ஹார்ட்டன் சமவெளியில் 'உலக முடிவு' பாறை விளிம்பில் கையை விரித்தபடி ஒரு போட்டோ இருக்கும். அடுத்து, பெரணிச் செடிகளுக்கு நடுவில் வெள்ளையாகக் கொட்டும் ஓர் அருவிக்கு முன்னால் கட்டாயம் ஒரு செல்ஃபி இருக்கும். அந்த அருவிக்குப் பெயர், பேக்கர் அருவி.

யார் இந்த பேக்கர்?

நைல் நதியின் மூலங்களில் ஒன்றான ஆல்பர்ட் ஏரியை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவர் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனா, அவருக்கு இன்னொரு முகம் உண்டு. தன் துப்பாக்கிக்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு எடையில் குண்டு, அந்த ஈயத்தில் என்ன கலப்பு என்று ஆயுள் முழுக்க அளந்து, நிறுத்து, சுட்டு, மறுபடியும் அளந்துகொண்டே இருந்தவர் அவர். கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பாதவர். சோதனைக்கான விலையை முதலில் தன் தோளாலும், பிறகு மற்ற உயிர்களாலும் கொடுத்தவர்.

சாமுவேல் வைட் பேக்கரின் கதை இது.

19 வயசில் ஒரு விபரீத ஆர்டர்

1821 ஜூன் 8 அன்று லண்டனில் பிறந்தார் பேக்கர். அப்பா வசதியான வணிகர். ஜமைக்காவிலும் மொரிஷியஸிலும் குடும்பத்துக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. வீட்டில் பணத்துக்குப் பஞ்சமில்லை. பையன் அப்பாவின் ஆபீஸில் உட்கார்ந்து கணக்கு எழுதினால் போதும். ஆனா, இவர் மனசு அங்கே இல்லை.

1840-ல், 19 வயசு இருக்கும்போது, பிரிஸ்டல் நகரத்தில் கிப்ஸ் என்ற துப்பாக்கித் தயாரிப்பாளரிடம் போய் ஓர் ஆர்டர் கொடுத்தார். எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ. குழலின் நீளம் மட்டும் 36 அங்குலம். உருண்டைக் குண்டு என்றால் 3 அவுன்ஸ், கூம்புக் குண்டு என்றால் 4 அவுன்ஸ். நம்ம கணக்கில் சொல்லணும்னா, 113 கிராம். ஒரு கிரிக்கெட் பந்தின் எடையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு ஈயம், ஒரே குண்டில்! அதைத் தள்ள 16 டிராம் கரிமருந்து, அதாவது 28 கிராம். அப்போதைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளில் போட்ட மருந்தைப்போலப் பல மடங்கு.

ஒன்பதரை கிலோங்கிறது ஒரு வயசுக் குழந்தையின் எடை. அதைத் தோளில் வைத்துத் தூக்கிப் பிடித்துக் குறிபார்க்கணும். எதுக்கு இந்த வேலை?

காரணம் இருக்கு. அந்தக் காலத்தில் புகையில்லா வெடிமருந்து கிடையாது. கந்தகம், கரித்தூள், வெடியுப்பு கலந்த கரிமருந்துதான். நம்ம தீபாவளி வெடியில் இருக்கிற அதே குடும்பம். அதை வைத்துக் குண்டின் வேகத்தை ஓர் அளவுக்கு மேல் கூட்டவே முடியாது. வேகம் கூடாதுன்னா, அடியின் பலத்தைக் கூட்ட ஒரே வழி, குண்டின் எடையைக் கூட்டுவது. எடை கூடினால் குழலின் துவாரம் பெரிசாகணும். துவாரம் பெரிசானால் மருந்து அதிகம் வேணும். மருந்து கூடினால் துப்பாக்கி பின்னால் உதைக்கும். அந்த உதையைத் தாங்க, துப்பாக்கியே கனமாக இருக்கணும். ஒன்றைத் தொட்டால் நான்கும் மாறும். இந்தக் கணக்கைப் பேக்கர் 19 வயசிலேயே பிடித்துவிட்டார்.

அன்றைய துப்பாக்கிக் கடைகள் விற்ற ரைஃபிள்கள், மானையும் இலக்குப் பலகையையும் மனதில் வைத்துச் செய்தவை. மருந்து கொஞ்சம், உதையும் கொஞ்சம். சுடுகிறவருக்குச் சுகம். ஆனால், பெரிய மிருகத்தின் எலும்புக்கு முன்னால் அந்தச் சுகம் பலிக்காது. குண்டு பாதியில் நின்றுவிடும். காயம்பட்ட மிருகம் நாள் கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும். இல்லைன்னா, திரும்பி வந்து ஆளைக் கொல்லும். இரண்டுமே கூடாது என்பதுதான் பேக்கர் தன் பெரிய ரைஃபிளுக்குச் சொன்ன நியாயம்.

ஒரு தோட்டா உருவாகும் விதம்

இன்னைக்கு வெளிநாட்டு வேட்டைக்காரர்களில் சிலர், கடைத் தோட்டாவை வாங்காமல் வீட்டிலேயே தோட்டாவைக் கெட்டித்து, மைதானத்தில் சுட்டுப் பார்த்து, அளவை மாற்றி மாற்றிச் சோதிப்பார்கள். அது ஒரு தனிப் பொழுதுபோக்கு. பேக்கரின் இளமைக் காலத்தில் அது பொழுதுபோக்கு இல்லை. வேறு வழியே கிடையாது. துப்பாக்கி வைத்திருந்த எல்லோருமே கையால் மருந்து கெட்டித்தவர்கள்தான்.

கொம்பிலிருந்து மருந்தை அளந்து குழலின் வாய்வழியே கொட்டணும். அதன்மேல் துணியில் சுற்றிய ஈயக்குண்டை வைத்து, நீண்ட கம்பியால் அடிவரை இடிக்கணும். பின்பக்கம் சிறு தொப்பி போன்ற கேப்பை மாட்டணும். விசையை இழுத்தால், அந்தக் கேப்பில் பொறி தட்டி மருந்து பற்றும். குண்டையும் ஆளே காய்ச்சி வார்க்கணும். ஈயத்தை உருக்கி, இரும்பு அச்சில் ஊற்றி, ஆறவிட்டு, பிசிறைச் செதுக்கி எடுக்கணும்.

இதில் எங்கே கோட்டை விட்டாலும் வம்புதான். மருந்து குறைந்தால் குண்டுக்கு வலு இருக்காது. அளவுக்கு மீறினால் குழலே பிளக்கலாம். குண்டு அடிவரை போகாமல் நடுவில் நின்றால் இன்னும் ஆபத்து. மருந்தில் ஈரம் ஏறினால் தட்டினாலும் பற்றாது. எதிரில் யானை நிற்கும்போது பற்றவில்லை என்றால், அடுத்த சோதனைக்கு ஆள் இருக்கமாட்டார்.

ஒரு தடவை சுட்டால், மறுபடி கெட்டிக்க நேரமாகும். அதனால்தான் அன்றைய வேட்டைக்காரர்கள் நாலைந்து துப்பாக்கிகளைக் கெட்டித்து, ஆளுக்கொன்றாகத் தூக்கிவரச் சொல்லிப் பின்னால் கூட்டிப் போனார்கள். எஜமானர் நீட்டிய கையில் அடுத்த துப்பாக்கியை வைக்க வேண்டிய அந்த உள்ளூர் ஆட்களின் பெயர்கள் பெரும்பாலும் புத்தகங்களில் வரவில்லை. யானை ஓடிவந்தபோது அவர்களும் அதே இடத்தில்தான் நின்றார்கள்.

நுவரெலியாவில் ஓர் இங்கிலாந்து

1843-ல் ஹென்ரியட்டா மார்ட்டினை மணந்தார் பேக்கர். அதே நாளில் அவருடைய தம்பி ஜானும் ஹென்ரியட்டாவின் சகோதரியை மணந்தார். ஒரே மேடையில் ரெண்டு ஜோடி. நம்ம ஊர் ஸ்டைல்தான்! குடும்பத் தோட்டங்களைப் பார்க்க மொரிஷியஸ் போனார்கள். அங்கே மனம் ஒட்டவில்லை. 1846-ல் இலங்கைக்கு வந்தார். வந்தது யானை வேட்டைக்கு. ஆனால், காட்டுக் காய்ச்சல் அவரைப் படுக்க வைத்துவிட்டது. உடம்பு தேற மலைமேல் இருந்த நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். 6,000 அடிக்கு மேல் உயரம். குளிர்ந்த காற்று. இரண்டே வாரத்தில் எழுந்து உட்கார்ந்தார். கூடவே ஒரு கனவும் எழுந்தது. இங்கேயே ஒரு குட்டி இங்கிலாந்தை உருவாக்கினால் என்ன?

1848-ல் ஒரு கப்பலையே பிடித்து, குடும்பத்தார், வேலையாட்கள், கொல்லர், பசுக்கள், குதிரைகள், வேட்டை நாய்கள் என்று ஒரு கிராமத்தையே அனுப்பிவைத்தார். வந்ததும் அடிமேல் அடி. குதிரை வண்டி மலைப்பாதையில் உருண்டு நொறுங்கியது. முதல் விளைச்சலைப் பூச்சியும் மானும் பங்குபோட்டுக்கொண்டன. கால்நடைகளில் பல நோயில் விழுந்தன. மண் பார்க்கக் கறுப்பாக, செழிப்பாகத் தெரிந்தது. ஆனால், எருவும் உழைப்பும் இல்லாமல் அது எதையும் தராது என்பது விதைத்துத் தோற்ற பிறகுதான் புரிந்தது.

பேக்கர் கைவிடவில்லை. எந்த விதை, எவ்வளவு எரு, எந்த மாதம் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். துப்பாக்கிக்குச் செய்த அதே வேலை. கொஞ்சம் கொஞ்சமாகப் பண்ணை நிலைத்தது. இன்னைக்கும் நுவரெலியா என்றால் உருளைக்கிழங்கு, கேரட், லீக்ஸ் என்று காய்கறிதானே ஞாபகம் வருது? அந்த மலையில் ஐரோப்பியக் காய்கறி விவசாயத்துக்கு ஆரம்பத்தில் தோள்கொடுத்தவர்களில் பேக்கர் முக்கியமானவர்.

வாலுக்குக் காசு

இங்கேதான் கதையின் இருட்டான பக்கம் வருது.

அந்தக் காலத்து இலங்கையில் யானை அரசாங்கத்தின் கணக்கில் ஒரு தொல்லை. பயிரை அழிக்கிறது என்று சொல்லி, கொன்ற யானை ஒன்றுக்குச் சில ஷில்லிங் சன்மானம் கொடுத்தார்கள். வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும். தீவின் குடியேற்றச் செயலராக இருந்த எமர்சன் டென்னண்ட் எழுதிவைத்த கணக்கு இது: 1848-க்கு முந்தைய மூன்று வருஷத்துக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குச் சன்மானம் போனது. 1851-லிருந்து 1856 வரை தென் மாகாணத்தில் 2,000 யானைகள். மேஜர் ரோஜர்ஸ் என்ற அதிகாரி தனி ஆளாக ஆயிரத்துக்கும் மேல் கொன்றார் என்பது பிரபலம். 1845-ல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த அவருக்கு நுவரெலியாவில்தான் கல்லறை.

இந்தக் கூட்டத்தில் பேக்கரும் ஒருவர். அவர் சன்மானத்துக்காகச் சுட்டவர் இல்லை. ஆனால் சுட்டார், நிறையவே சுட்டார். இலங்கைக் காடுகள்தான் அவருடைய பரிசோதனைக்கூடம். எந்தக் குண்டு எவ்வளவு ஆழம் போகிறது, எது எலும்பில் பட்டுத் தட்டையாகிறது, எந்தத் தூரத்தில் எந்த அளவு மருந்து போதும் என்று ஒவ்வொரு வேட்டையிலும் கவனித்துக் குறித்துக்கொண்டார். இலங்கை யானைக்கு நெற்றியில் சரியான இடத்தில் பட்டால், ஒரே குண்டு மூளையை எட்டிவிடும் என்பது இங்கே அவர் கற்ற பாடம்.

எல்லாச் சோதனையும் சொன்னபடி நடக்கவில்லை. ஒருமுறை ஒற்றை யானை ஒன்று குண்டுகளைத் தாண்டி வந்து, அவரைத் தொடையில் மோதித் தூக்கி வீசியது. கால் வீங்கிப்போனது. உயிர் தப்பியது அதிர்ஷ்டம். ஆனாலும் அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது, வேட்டையை விடணும் என்ற முடிவை இல்லை. இன்னும் கனமான அடி வேணும் என்ற முடிவைத்தான்.

1854-ல் இலங்கை வேட்டை அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அதில் துப்பாக்கிகளைப் பற்றிய அவர் வாதம் பல கடைக்காரர்களுக்குப் பிடித்திருக்காது. கனமான ரைஃபிள், நிறைய மருந்து, பெரிய குண்டு. கேட்டவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. அவரிடமோ கள அனுபவம் இருந்தது.

தராசு சாய்ந்த வருஷம்

1855-ல் காய்ச்சல் உடம்பை வாட்ட, குடும்பத்தோடு ஐரோப்பா திரும்பினார். அந்த வருஷ முடிவில், பிரான்ஸின் பிரனீஸ் மலையடிவாரத்தில் டைஃபஸ் காய்ச்சல் ஹென்ரியட்டாவைக் கொண்டுபோனது. 12 வருஷத் தாம்பத்தியம். பிறந்த குழந்தைகளில் சிலரை ஏற்கெனவே மண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள். மிஞ்சிய மகள்களைத் தன் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டு, பேக்கர் திசை தெரியாமல் அலைந்தார்.

எதையும் அளந்து பார்க்கிற மனுஷன். துக்கத்தை எதால் அளப்பது?

1859 தொடக்கத்தில், பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்குடன் டான்யூப் நதியில் வேட்டைப் பயணம் போனார். வழியில் படகு பழுதாகி, அப்போது துருக்கியர் ஆட்சியில் இருந்த விடின் என்ற ஊரில் தங்க நேர்ந்தது. அங்கே அடிமைச் சந்தையில் ஓர் இளம்பெண்ணைக் கண்டார் என்றும், அவரை அங்கிருந்து மீட்டுக்கொண்டு போனார் என்றும் சொல்கிறார்கள். ஹங்கேரியப் போர்க்கலவரத்தில் குடும்பத்தை இழந்த அந்தப் பெண்தான் ஃப்ளோரன்ஸ். அதன்பிறகு சாகும்வரை பேக்கர் அவரைப் பிரியவில்லை. கருங்கடல் ரயில்பாதை வேலையில் கொஞ்ச காலம் மேற்பார்வையாளராக இருந்துவிட்டு, 1861-ல் ஃப்ளோரன்ஸுடன் கெய்ரோவிலிருந்து நைல் நதியில் தெற்கு நோக்கிக் கிளம்பினார்.

'குழந்தை' அழுதால் ஆள் விழுவார்

மூட்டை முடிச்சுகளில் ஈயம், அச்சு, மருந்துப் பெட்டிகள், கூடவே அரை டஜனுக்கும் மேல் துப்பாக்கிகள். ஈயத்தோடு பாதரசம் கலந்து, குண்டை இறுக வைக்கும் வித்தையைக் கையாண்டார். சுத்த ஈயம் மெத்தென்று இருக்கும். கனமான எலும்பில் பட்டால் பணியாரம்போலத் தட்டையாகும். கலந்து இறுக்கினால் துளைத்துக்கொண்டு போகும்.

அந்தத் துப்பாக்கிகளில் ஒன்று தனி ரகம். லண்டன் ஹாலண்ட் நிறுவனத்திடம் செய்து வாங்கியது. எடை 20 பவுண்டு, ஒன்பது கிலோ. உள்ளே போவது அரை பவுண்டு எடையுள்ள வெடிகுண்டு. கிரிக்கெட் பந்தைவிடக் கனம். இரும்புக் குடுவைக்கு ஈய உறை போட்டது. பட்ட இடத்தில் வெடிக்கும். அரேபிய உதவியாளர்கள் அதற்கு வைத்த பெயரின் அர்த்தம், பீரங்கியின் பிள்ளை. பெயர் நீளமாக இருக்குன்னு பேக்கர் அதைச் சுருக்கி 'குழந்தை' என்று கூப்பிட்டார்.

அந்தக் குழந்தை அழுதால் எதிரில் நிற்பது பிழைக்காது. ஆனால், பின்னால் நிற்பவர் கதி? சுட்டதும் அதன் உதை, பேக்கரையே காற்றாடிபோலச் சுழற்றிவிட்டது. வருஷக்கணக்கில் கன உதைக்குப் பழகிய தோள்காரர், தன் சொந்தத் துப்பாக்கிக்கே பயந்தார். அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். பல வருஷங்களில் மொத்தமே சுமார் 20 முறைதான் அதைச் சுட்டார். ஒரு குண்டும் வீணாகவில்லை.

அதில் ஒரு காமெடியும் உண்டு. மாதக்கணக்கில் கெட்டித்தபடியே கிடந்தால் மருந்து கெட்டுவிடும். சுத்தம் பண்ண, முதலில் சுட்டுக் காலி செய்யணும். அந்தப் பாக்கியம் உதவியாளர்களுக்கு. ஒருவர் சுடுவார்; அவர் முதுகை இன்னொருவர் தாங்கிப் பிடிப்பார். டமார்! இரண்டு பேரும் மல்லாந்து விழுவார்கள். 'குழந்தை' அவர்களையும் தாண்டிச் சில கெஜம் பின்னால் போய்க் கிடக்கும்.

இந்தச் சோதனையின் முடிவு என்னன்னு கேட்டா, பேக்கரே நேர்மையாக ஒப்புக்கொண்டார். பலம் இருக்கு, ஆனால் மனுஷன் தாங்குகிற பலம் இல்லை. பெரிசு பெரிசாகப் போவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவருடைய தோள் அவருக்குச் சொன்னது.

இன்னொரு பாடமும் கிடைத்தது. இலங்கையில் பலித்த நெற்றிக் குறி, ஆப்பிரிக்க யானையிடம் பெரும்பாலும் பலிக்கவில்லை. அந்த யானையின் மண்டை அமைப்பே வேறு. நெற்றி புடைத்து, மூளை தாழ இருக்கிறது. அதே கை, நல்ல மருந்து, கனமான குண்டு. எல்லாம் இருந்தும் பலனில்லை. இத்தனை வருஷ அனுபவத்தில் நிரூபித்தது, ஊர் மாறியதும் பொய்த்தது. இதையும் ஒளிக்காமல் எழுதினார். தான் சரி என்று நம்பியதைத் தானே தப்பு என்று பதிவு செய்ய ஒரு துணிச்சல் வேணும், இல்லையா?

அபிசீனிய எல்லையில் செட்டிட் நதிக்கரையில் ஹம்ரான் அரேபியர்களைச் சந்தித்தார். அவர்கள் யானையைக் குதிரையில் துரத்தி, வெறும் வாளால் வீழ்த்துபவர்கள். ஒருவர் யானையின் கண்ணெதிரே போக்குக்காட்டி ஓடுவார். இன்னொருவர் பின்னாலிருந்து குதித்து, ஒரே வீச்சில் பின்னங்கால் நரம்பை அறுப்பார். தப்பினால் சாவு. அரை பவுண்டு வெடிகுண்டோடு போன பேக்கர், அந்த வாள்காரர்களின் முன் மனசாரத் தலைவணங்கினார். தன்னைவிட அவர்களே பெரிய வேட்டைக்காரர்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மருந்தால் முடியாத இடம்

1863 பிப்ரவரியில், கொண்டோகோரோ என்ற நைல் துறையில் ஸ்பீக், கிராண்ட் என்ற இரண்டு பயணிகள் கிழிந்த உடையோடு தெற்கிலிருந்து வந்து சேர்ந்தார்கள். நைலின் மூலம் விக்டோரியா ஏரி என்று கண்டுவந்தவர்கள். மேற்கே இன்னொரு ஏரி இருப்பதாகக் கேள்விப்பட்டதைச் சொல்லி, வரைபடமும் தந்தார்கள். பேக்கரும் ஃப்ளோரன்ஸும் கிளம்பினார்கள்.

அடுத்த ஒரு வருஷம் துப்பாக்கியால் தீர்க்க முடியாத துன்பங்களாகவே வந்தது. கூலியாட்கள் கலகம் செய்தார்கள். சுமைமாடுகள் செத்தன. காய்ச்சலுக்கான குயினைன் தீர்ந்தது. பன்யோரோ மன்னர் கம்ராசி என்று சொல்லிக்கொண்டு வந்த ஆள், வழிவிடுவதற்கு ஈடாக ஃப்ளோரன்ஸைக் கேட்டார். பேக்கர் கைத்துப்பாக்கியை அவர் நெஞ்சுக்கு நேரே நீட்ட, பேச்சு அதோடு முடிந்தது. அந்த ஆள் மன்னரே இல்லை, மன்னரின் சகோதரர் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதன்பின் ஒரு சதுப்பு நிலத்தைக் கடக்கும்போது, ஃப்ளோரன்ஸ் வெயில் தாக்கி, நினைவிழந்து விழுந்தார். நாள் கணக்கில் கண் திறக்கவில்லை. அவரைக் கட்டிலில் சுமந்துகொண்டே நடந்தார்கள். ஒரு கட்டத்தில் குழி வெட்டுவதற்காக ஆட்கள் மண்வெட்டிக்குப் புதுப் பிடியே போட்டுவிட்டார்கள். ஒன்பது கிலோ துப்பாக்கியும், எடைபோட்ட மருந்தும், இறுக்கி வார்த்த குண்டும் அந்தக் கட்டில் பக்கத்தில் வெறும் சுமையாகக் கிடந்தன. பேக்கரால் செய்ய முடிந்தது ஒன்றுதான். ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.

ஃப்ளோரன்ஸ் கண் விழித்தார்.

1864 மார்ச் 14. மேட்டின்மீது ஏறிய இருவரும் கீழே பளபளத்த நீர்ப்பரப்பைப் பார்த்தார்கள். அதற்கு மகாராணியின் மறைந்த கணவர் பெயரால் ஆல்பர்ட் ஏரி என்று பெயர் வைத்தார் பேக்கர். அந்த ஏரிக்கரையில் வாழ்ந்த மக்கள் அதற்கு எப்போதோ பெயர் வைத்திருந்தார்கள் என்பதை நாம மறக்கக் கூடாது.

1865-ல் லண்டன் திரும்பி, முறைப்படி ஃப்ளோரன்ஸை மணந்தார். அடுத்த வருஷம் சர் பட்டம் வந்தது. ஆனால், கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்து வாழ்ந்தவர் என்று விக்டோரியா மகாராணி ஃப்ளோரன்ஸை அரண்மனைக்குள் அழைக்கவே இல்லை. ஏரிக்கு யார் பெயரை வைத்தார்களோ, அவர் வீட்டு வாசல் திறக்கவில்லை.

பாஷா ஆன வேட்டைக்காரர்

அந்தப் பயணத்தில் பேக்கர் நேரில் பார்த்த ஒன்று அவரை உலுக்கியது. கார்ட்டூமிலிருந்து தந்த வியாபாரம் என்று சொல்லிக்கொண்டு போகும் கூட்டங்கள், உண்மையில் கிராமங்களைச் சூறையாடி மனிதர்களைச் சங்கிலியில் பிணைத்துக்கொண்டு வந்தன. யானைத் தந்தமும் அடிமை வியாபாரமும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். அதை அவர் தன் புத்தகத்தில் பட்டவர்த்தனமாக எழுதினார்.

1869-ல் எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில், அவருக்குப் பாஷா பட்டம் கொடுத்து, அந்த வியாபாரத்தை ஒடுக்கப் படையோடு அனுப்பினார். நான்கு வருஷம் போராடினார். சில இடங்களில் வென்றார். ஆனால், அடிமைகளை விடுவிக்கப் போன படை, கூடவே நாடு பிடிக்கவும் போன படை. 1872-ல் பன்யோரோவின் மசிந்தியில் சண்டை முற்றி, பின்வாங்கும்போது தன் முகாமுக்கே தீ வைத்துவிட்டு வந்தார். ஐரோப்பாவில் அவர் ஹீரோ. பன்யோரோ மக்களின் நினைவில் அப்படியில்லை.

தோலுக்கடியில் ஒரு காளான்

வயசான பிறகு இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வீடு வாங்கிக் குடியேறினார். குளிர்காலம் வந்தால் எகிப்து, சைப்ரஸ், இந்தியா என்று கிளம்பிவிடுவார். இதற்குள் துப்பாக்கி உலகமே மாறியிருந்தது. வாய்வழியே இடிக்கும் காலம் போய், பின்பக்கம் திறந்து பித்தளைத் தோட்டாவைச் செருகும் காலம் வந்துவிட்டது.

பேக்கரும் மாறினார். .577 அளவுள்ள, அதாவது சுமார் 15 மில்லிமீட்டர் துவாரம் கொண்ட இரட்டைக்குழல் ரைஃபிள் அவருடைய விருப்பமானது. 6 டிராம் மருந்து, 42 கிராம் எடையில் திடமான சுத்த ஈயக் குண்டு. அந்த நாளில் உள்ளே குடைந்த குண்டுகள்தான் ஃபேஷன். பட்டதும் சிதறும், காயம் பெரிசாக இருக்கும் என்று விளம்பரம். பேக்கர் அதை எதிர்த்தார். புலி போன்ற மிருகத்தில் அந்தக் குண்டு மேலேயே சிதறி, உள்ளே போகாமல் நின்றுவிடும் என்றார்.

எப்படித் தெரியும்? விழுந்த மிருகத்தை அறுத்து, குண்டைத் தேடி எடுத்துப் பார்ப்பார். நல்ல குண்டு, உடலைக் கடந்து, மறுபக்கத் தோலுக்கடியில் காளான் வடிவில் விரிந்து நிற்க வேண்டும். முழு எடையையும் மிருகத்துக்குள்ளேயே செலவழித்திருக்க வேண்டும். இதுதான் அவருடைய அளவுகோல். 19 வயசில் யானைக்கு இறுகின குண்டைத் தேடியவர், 60 வயசுக்கு மேல் புலிக்கு மெத்தென்ற குண்டைச் சிபாரிசு செய்தார். முரண் இல்லை. இலக்கு மாறினால் குண்டும் மாறணும் என்பதுதான் ஆயுள்காலச் சோதனையின் சாரம். 1890-ல் வெளிவந்த அவருடைய கடைசிப் பெரிய புத்தகத்தில் இதையெல்லாம் விரிவாக எழுதினார்.

1893 டிசம்பர் 30 அன்று காலமானார். ஐந்தே வருஷத்தில், 1898-ல், புகையில்லா மருந்து போட்ட .450 தோட்டா வந்தது. குண்டு சின்னது, வேகம் பெரிசு. ஒன்பது கிலோ துப்பாக்கிகள் எல்லாம் மியூசியத்துக்குப் போயின. பேக்கர் ஐம்பது வருஷம் எடையால் தீர்த்த கணக்கை, வேறொரு ரசாயனம் வேகத்தால் தீர்த்துவிட்டது. ஃப்ளோரன்ஸ் 1916 வரை அதே வீட்டில் வாழ்ந்தார்.

தராசில் ஏறாதது

பேக்கரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கு. அடுத்தவர் சொன்னதை அப்படியே ஃபார்வேர்டு பண்ணாமல், தானே செய்து பார்த்தார். தப்பானால் ஒப்புக்கொண்டார். ஓர் ஊரில் நிஜமானது இன்னோர் ஊரில் பொய்யாகலாம் என்று தெரிந்துகொண்டார். மிருகம் வேதனைப்படாமல் உடனே சாகணும் என்பதற்காகவே மருந்தைத் துளித்துளியாக அளந்தார். அந்தக் காலத்து வேட்டைக்காரர்களில் இவ்வளவு பொறுப்பு எல்லோருக்கும் இல்லை.

ஆனால், எப்படிக் கொல்வது என்பதை இவ்வளவு நுணுக்கமாகச் சோதித்தவர், ஏன் கொல்லணும் என்பதை அதே தராசில் வைத்துப் பார்க்கவில்லை. டிராம் கணக்கில் மருந்து தெரிந்த மனுஷனுக்கு, ஆயிரக்கணக்கில் போன வால்களின் எடை தெரியவில்லை. தந்தத்துக்குப் பின்னால் சங்கிலி இருப்பதைக் கண்டுபிடித்த அந்தக் கூர்மையான கண், தன் துப்பாக்கிக்கு முன்னால் காலியாகும் காட்டைக் கவனிக்கவில்லை.

பேக்கர் திரிந்த ஹார்ட்டன் சமவெளி இன்னைக்கு தேசியப் பூங்கா. அவர் சுட்ட நாட்களில் கூட்டம் கூட்டமாக இருந்த யானைகள், அந்த மலை உச்சியில் இப்போது இல்லை. கடமான்கள் மட்டும் வண்டி நிறுத்துமிடத்தருகே வந்து, பயமில்லாமல் மனிதர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அவர் நாய்களோடு துரத்தியதும் அதே கடமான்களின் முன்னோரைத்தான்.

அடுத்த லீவுக்கு நீங்க அங்கே போனா, அருவிக்கு முன்னால் தாராளமா செல்ஃபி எடுங்க. எடுத்து முடிச்சதும், மொபைலை ஒரு நிமிஷம் பாக்கெட்ல வெச்சுட்டு, அந்தக் கடமானோட கண்ணையும் கொஞ்சம் பாருங்க.